மேசை எக்ஸ்-ரே கருவி: கல்லூரி லேபுக்கு வாங்கலாமா?

இயற்பியல் லேபுக்கு மேசை மேல் வைக்கிற எக்ஸ்-ரே கருவி வாங்கலாமா என்று யோசிக்கிற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் துறையில் ஒன்று இருக்கிறது, நிதி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஹைட்ரஜன் குழாயையும் கிரேட்டிங்கையும் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கிற நுண்கோட்டுத் தகடு) வைத்து 656, 486 நானோமீட்டர் கோடுகளைக் காட்டுகிறோம், அதுவும் வேண்டியதுதான். ஆனால் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் மட்டுமே உண்டு என்பதை மாணவர்கள் மனதார நம்புவது இந்தப் பெட்டி முன்னால்தான்.

உள்ளே மாலிப்டினம் ஆனோடு (எலக்ட்ரான்கள் போய் மோதுகிற உலோக இலக்கு) கொண்ட குழாய், 35 கிலோவோல்ட் வரை ஏற்றலாம். கதிர் சோடியம் குளோரைடு படிகத்தில் பட்டுத் திரும்பும், கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டர் கோணம் கோணமாக எண்ணும். படிகத் தளங்களின் இடைவெளி 282 பிகோமீட்டர், ஆகவே இடைவெளி, கோணம், அலைநீளம் மூன்றையும் இணைக்கிற பிராக் சமன்பாட்டில் கோணத்தைப் போட்டால் அலைநீளம் வந்துவிடும். கதவைத் திறந்தால் உயர் மின்னழுத்தம் உடனே நின்றுவிடும், அந்த விஷயத்தில் முழுத் திருப்தி.

முதலில் 35 கிலோவோல்ட்டில் ஓட்டுங்கள். 3.6 டிகிரிக்கு அருகில் வரைபடம் எழும்பத் தொடங்கும், 6.4-லும் 7.2-லும் இரண்டு கூர்மையான உச்சிகள் நிற்கும், கே பீட்டாவும் கே ஆல்ஃபாவும் (அணுவின் மேல் கூடுகளிலிருந்து எலக்ட்ரான் மிக உள்ளே இருக்கும் கே கூட்டுக்கு இறங்கும்போது வருபவை). பிறகு 25-க்குக் குறையுங்கள். தொடக்கம் 5 டிகிரிக்கு நகர்ந்துவிடும், ஏனென்றால் மோதுகிற எலக்ட்ரானிடம் இருக்கும் ஆற்றலுக்கு மேல் ஒரு போட்டானும் வர முடியாது, ஆற்றல் குறைந்தால் அலைநீளமும் கோணமும் கூடும் (பிளாங்க் மாறிலியையும் இதிலிருந்தே கணக்கிட்டு விடலாம்). உச்சிகளின் உயரம் குறையும், இடம் மட்டும் அசையாது. அப்புறம் 18-க்கு இறக்குங்கள், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கே ஆல்ஃபா போட்டானுக்கு ஏறக்குறைய 17.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் போதும், நம்மிடம் 18 இருக்கிறது, ஆனாலும் உச்சி வராது. கே கூட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியே தள்ள 20 வேண்டும், அங்கே காலியிடம் உண்டானால்தானே மேலிருந்து இன்னொன்று இறங்கி வந்து போட்டானை விடும்! மாணவர்கள் இதைத் தாங்களாகவே சொல்லிவிட்டால் அன்றைய வகுப்பு நடந்தது என்று அர்த்தம்.

சிர்கோனியம் ஃபில்டரும் கேட்டு வாங்குங்கள். அதன் கே விளிம்பு (இந்த ஆற்றலைத் தாண்டினால் அது கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சும்) 18 கிலோ எலக்ட்ரான்வோல்ட், சரியாக இரண்டு உச்சிகளுக்கும் நடுவில். போட்டதும் பீட்டா பெரும்பாலும் அடங்கிவிடும், ஆல்ஃபா நிற்கும்.

குறைகளும் உண்டு. மென்பொருள் உச்சிகளைத் தானே கண்டுபிடித்துப் பெயரும் எழுதிவிடுகிறது, அந்த வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாணவர்களுக்கு வேலையே இருக்காது. உப்புப் படிகம் ஈரத்தை இழுக்கும், கடலோர ஊர்களில் டெசிக்கேட்டரை (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) விட்டு வெளியே வைத்தால் பளபளப்பு போய் உச்சிகள் மங்கும். நேரமும் பிடிக்கும். 2.5-லிருந்து 12 டிகிரி வரை 0.1 டிகிரிப் படியில், புள்ளிக்கு 10 விநாடி என்றால் 16 நிமிடம், மூன்று மின்னழுத்தங்களுக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு பீரியட். விலை பல லட்சம் என்பதால் ஒரு பேட்சுக்கு ஒரு கருவிதான் கிடைக்கும், கூட்டமாக நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

குழாயை மாற்ற முடிகிற மாடலா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள், முடிந்தால் செம்புக் குழாயும் சேர்த்து வாங்குங்கள். இயற்பியலாளர் மோஸ்லி 1913-இல் கண்ட, கே ஆல்ஃபா ஆற்றலை அணு எண்ணோடு இணைக்கிற விதியை அதில் நேரடியாகச் சோதிக்கலாம்: அணு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, 10.2 எலக்ட்ரான்வோல்ட்டால் பெருக்கினால் செம்புக்கு 8.0 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரும், அளந்தால் 8.05. மாலிப்டினத்துக்குக் கணக்கு 17.1, அளவு 17.5. அந்த ஒன்றை ஏன் கழிக்கிறோம் என்று யாராவது கேட்பார்கள், கே கூட்டில் மிஞ்சியிருக்கும் இன்னொரு எலக்ட்ரான் அணுக்கருவின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் மறைக்கிறது என்று அப்போது சொல்லுங்கள், முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.