ரெஸ்டிக்: மீட்பு நாளை மனத்தில் வைத்து ஒரு மதிப்பீடு

காப்புநகல் மென்பொருள் எதுவாயினும், அது எவ்வளவு வேகமாக நகலெடுக்கிறது என்பதைவிட, சர்வரே இல்லாமல் போகும் நாளில் எதைத் திருப்பித் தரும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருளான ரெஸ்டிக்கை நான் அப்படித்தான் அணுகினேன்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. ஒரே ஒரு கோப்புதான், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. கோப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஏற்கெனவே சேமித்த துண்டை மீண்டும் சேமிக்காமல் விடுவதால், அன்றாடம் நகலெடுத்தாலும் இடம் மெதுவாகவே நிரம்புகிறது. நம் கணினியிலேயே ஏஇஎஸ்-256 என்னும் முறையில் மறையாக்கம் செய்த (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றிய) பின்னரே தரவு வெளியே செல்கிறது. அதே காரணத்தால், கடவுச்சொல் தொலைந்தால் மென்பொருளை உருவாக்கியவர்களாலும் அந்தத் தரவைத் திறக்க முடியாது. கடவுச்சொல்லை, நகலெடுக்கப்படும் அதே சர்வரில் மட்டும் எழுதி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இன்றே ஒரு தாளில் எழுதி வேறொரு கட்டடத்தில் பூட்டி வையுங்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது 0.17 பதிப்பில் வந்த ஒரு வசதி. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம் என்பதால், முதலில் டம்ப் (தரவுத்தளமே தன் உள்ளடக்கம் முழுவதையும் ஒழுங்காக எழுதித் தரும் நகல்) எடுத்து அதைத்தான் சேமிக்க வேண்டும். முன்பு டம்ப் கட்டளை பாதியில் தோற்றாலும், வந்தவரை சேமித்துவிட்டு வேலை முடிந்ததாக ரெஸ்டிக் அறிவித்துவிடக்கூடும்; இப்போது அந்தக் கட்டளையை ரெஸ்டிக்கே இயக்கி, அது தோற்றால் நகலெடுப்பும் தோற்றதாகச் சொல்கிறது. இது சிறிய விஷயமன்று. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, பதிப்புப் பொருத்தமின்மையால் டம்ப் வேலை தோற்றுக்கொண்டே இருந்ததும், அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் யாரையும் சென்றடையாததும் வெளிப்பட்டன. தற்செயலாக இருந்த வேறொரு நகலால்தான் இழப்பு ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவோடு நின்றது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராகவும் ஓர் ஏற்பாடு உண்டு. ரெஸ்ட்-சர்வர் என்னும் துணை மென்பொருளைச் ‘சேர்க்க மட்டும்’ என்ற நிலையில் இயக்கினால், தாக்கப்பட்ட கணினியிலிருந்து பழைய நகல்களை அழிக்க முடியாது. ஆனால் “கடைசி ஏழு நகல்களை வைத்துக்கொள்” என எண்ணிக்கையால் விதி வகுத்தால், தாக்குபவர் போலி நகல்களைக் குவித்து நல்லவற்றைக் கழிக்க வைக்கலாம். கால அளவால் வகுக்கும் விதியே பாதுகாப்பானது. கழிக்கும் வேலையையும் தனியொரு கணினியிலிருந்து செய்ய வேண்டும்.

சரிபார்க்கும் ‘செக்’ கட்டளை, தனியாகக் கேட்டால் ஒழிய, சேமித்த தரவை முழுவதும் படித்துப் பார்ப்பதில்லை. பெரிய சேமிப்பகத்தைப் பகுதி பகுதியாகப் படிக்கச் சொல்ல முடியும் என்பதால், அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இல்லை.

பேரிடர் மீட்பு என்று பார்த்தால் குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. இயங்குதளத்தோடு முழுக் கணினியையும் மீட்டெழுப்புவது இதன் வேலை அன்று. குறித்த நேரத்தில் தானாக நகலெடுக்கும் கால அட்டவணையும் இல்லை, பல கணினிகளை ஒரே திரையில் கண்காணிக்கும் வசதியும் இல்லை. பல மெய்நிகர்க் கணினிகளை (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் இயங்கும் கணினிகளை) சில நிமிடங்களில் எழுப்ப வேண்டிய நிறுவனத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டளை வரியில் பழகிய ஒருவர் இருந்து, புதிய சர்வரை அமைக்கும் படிகளையும் எழுதி வைத்து, அவ்வப்போது வெற்றுக் கணினியில் மீட்டுப் பார்க்கும் அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.