காரைக்குடிக் கடைகளில் சவுண்ட் பாக்ஸ்: கொடுக்கும் வாடகைக்கு ஈடா?

கல்லுக்கட்டிப் பூக்கடை, நூறடி ரோட்டுப் பரோட்டாக் கடை, பிள்ளையார்பட்டிக் கோவில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கும் இடம் என எங்கே போனாலும் கல்லாவை ஒட்டி சவுண்ட் பாக்ஸ் என்ற ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. போன் வழியாக, அதாவது யுபிஐயில், பணம் வந்ததும் தொகையைத் தமிழில் சொல்கிறது. போன்பே, பேடிஎம், பாரத்பே தொடங்கி வங்கிகள் வரை எல்லோரும் இதைத் தருகிறார்கள். வாங்கலாமா என்று கேட்கும் கடைக்காரர்களுக்கு முதலிலேயே முடிவைச் சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் பணம் கொடுக்கும் கடை என்றால் கட்டாயம் வாங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறை, பழம்பொருள் கடை மாதிரி ஒரு நாளைக்கு நாலைந்து பேர் பெரிய தொகை கொடுக்கும் இடத்துக்கு இது தேவையில்லை. அங்கே வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க நேரம் இருக்கிறது, பார்த்தே ஆகவும் வேண்டும்.

பெட்டி செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் அது எங்கே கைவிடும் என்பதும் தெரியும். வாடிக்கையாளர் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும், அவருடைய வங்கிக்கும் நம்முடைய வங்கிக்கும் நடுவில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு வழியாகப் பணம் நகர்கிறது. அது முடிந்த தகவல் நமக்கு க்யூஆர் கொடுத்த கம்பெனியின் சர்வருக்கு வருகிறது. சர்வர் பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறது. பெட்டி அதைப் பார்த்து, முன்பே பதிந்து வைத்த குரல் துண்டுகளை ஒட்டி வாசிக்கிறது. ஆக, பணம் வருவது ஒரு வழி, குரல் வருவது இன்னொரு வழி. பணம் வந்தும் பெட்டி பேசாமல் இருப்பது இதனால்தான். அந்தக் கம்பெனியின் க்யூஆருக்கு வந்த பணத்தை மட்டும்தான் அது சொல்லும் என்பதற்கும் இதுவே காரணம். மூன்று கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஒரு பெட்டியை வைத்திருக்கும் கடைகள் நிறைய. மற்ற இரண்டு ஸ்டிக்கரிலோ, கடைக்காரரின் சொந்த போன் நம்பருக்கோ வரும் பணத்துக்குப் பெட்டி வாயே திறக்காது. பெட்டி வாங்கிய அன்றே மற்ற ஸ்டிக்கர்களைக் கிழித்துப் போட்டுவிடுவது நல்லது.

இந்தப் பக்கத்தில் சிக்னல்தான் பெரிய சங்கடம். பலகாரம் செய்பவர்கள் பலர் பழைய வீடுகளின் உள்கட்டில்தான் வேலை செய்கிறார்கள். கனத்த சுவர், காரை பூச்சு, அதற்குள் இன்னொரு கட்டு. முகப்பில் நான்கு கோடு காட்டும் சிக்னல் இரண்டாம் கட்டுக்குப் போனதும் ஒன்றாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் சிம் பெரும்பாலும் மாற்ற முடியாதது, எந்த நெட்வொர்க் என்பதைக் கம்பெனி தீர்மானிக்கிறது. அதனால் பெட்டி கொண்டுவரும் ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை இல்லை. உள்ளே எந்த சிம், 2ஜியா 4ஜியா என்பதுதான். 4ஜி பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, வேறொரு போனிலிருந்து ஒரு ரூபாய், பதினோரு ரூபாய் என நான்கைந்து தடவை அனுப்பிப் பாருங்கள். போனில் டிக் விழுந்த ஐந்து விநாடிக்குள் குரல் வந்தால் சரி. பத்து விநாடி தாண்டினால் கூட்ட நேரத்தில் அது உதவாது; முகப்புக்கோ ஜன்னல் ஓரத்துக்கோ நகர்த்துங்கள். பரோட்டாக் கல், எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, சூடு அதற்கு ஆகாது. எண்ணெய்ப் புகை படிந்தால் ஸ்பீக்கர் வலையும் அடைத்துக்கொள்ளும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் மாலைதான் வரும் நாட்களை நினைத்து பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில், முழுச் சத்தத்தில், ஒரு வியாபார நாள் தாங்காத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டைப் சி சார்ஜர் உள்ளதாக இருந்தால் வீட்டு போன் சார்ஜரே போதும்.

இனி இதன் உண்மையான பலவீனம். பெட்டி தொகையை மட்டும் சொல்கிறது, யார் கொடுத்தார் என்று சொல்வதில்லை. கூட்ட நேரத்தில் இரண்டு பேர் ஆளுக்கு 120 ரூபாய்க்குச் சீப்புச் சீடை வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒரு குரல்தான் கேட்கிறது. இருவரும் போனைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்கிறார்கள். ஒருவர் கொடுக்கவே இல்லை என்பது அப்போது தெரியாது. பணம் கொடுத்ததுபோல் பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன, அதனால் போன் திரையை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் பெட்டியே வந்தது. ஆனால் ஒரே தொகை இரண்டு தடவை வரும் இடத்தில் பெட்டியும் பாதிக் காவல்தான். சிறிய திரையில் தொகைக்கான க்யூஆரைக் காட்டும் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. தொகையை நாமே அடித்தால் அந்த பில்லுக்கு மட்டுமான க்யூஆர் வரும். வாடிக்கையாளர் தொகையைத் தவறாக அடிக்கவும் வழியில்லை. வாடகை கொஞ்சம் கூடும். பலகாரக் கடை, மருந்துக் கடை, மளிகை மூன்றுக்கும் இதுதான் என் சிபாரிசு. சாதாரணப் பெட்டியோடு ஓட்டுபவர்கள் ஒருவர் பணம் பேசி முடிந்த பிறகே அடுத்தவரை ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும்.

பெட்டி பேசவில்லை, வாடிக்கையாளர் "போயிருச்சு அண்ணே, இங்க பாருங்க" என்கிறார். அங்கேதான் சண்டை வருகிறது. முதலில் அவர் போனில் பணம் பெற்றவர் பெயர் நம் கடைப் பெயர்தானா என்று பாருங்கள். பிறகு அந்தப் பரிமாற்றத்துக்குள் போய் யுடிஆர் என்ற 12 இலக்க எண்ணைக் கேளுங்கள். க்யூஆர் கொடுத்த கம்பெனி கடைக்காரருக்கென்று தரும் வணிகர் ஆப்பைத் திறந்து அதே எண் வரவில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம், அது தாமதமாகும், போலியாகவும் வரும். எண் இருந்தால் குரல் மட்டும் தவறியிருக்கிறது, பொருளைக் கொடுத்துவிடலாம். அவர் திரையில் 'பெண்டிங்' என்று இருந்தால் காத்திருப்பது அல்லது ரொக்கம் வாங்கிக்கொள்வது; ரொக்கம் வாங்கினால் அந்த எண்ணையும் அவர் போன் நம்பரையும் சிட்டையில் எழுதி, பிறகு பணம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவருக்கு இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொன்னாலே பாதிப் பேர் கோபம் தணிந்து ரொக்கத்தை எடுப்பார்கள்.

வாடகைக்கு வருவோம். பல பெட்டிகள் மாதம் 50 முதல் 125 ரூபாய்க்குள் இருக்கின்றன. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. 100 ரூபாய்ப் பெட்டி என்றால் வரியோடு 118, வருஷத்துக்கு 1,416. ஒரு பாக்கெட் முறுக்கில் பத்து ரூபாய் நிற்கும் கடைக்கு மாதம் பன்னிரண்டு பாக்கெட்டின் லாபம் இதற்குப் போகிறது. ஒரே ஒரு போலி டிக்கைத் தடுத்தாலே அந்த மாத வாடகை வந்துவிடும் என்பதால் இதைக் கூடுதல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனிகள் ஏன் வீடு தேடி வந்து பெட்டி வைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். 2020 ஜனவரியிலிருந்து வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கடையிடம் கமிஷன் வாங்கக் கூடாது. ஆகவே வருமானம் வாடகையிலும் கடனிலும்தான். தினமும் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் சில மாதத்தில் "உங்களுக்கு ஒரு லட்சம் கடன் தயார்" என்று ஆப்பில் காட்டுவார்கள். வரவிலிருந்து தினமும் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். தண்டல் கொடுக்கும் முறைதான், ஆள் வரமாட்டார் என்பது மட்டும் வித்தியாசம். வேண்டுமானால் வாங்கலாம், தப்பில்லை. மொத்தம் எவ்வளவு திரும்பக் கட்டுகிறோம், கையில் எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக் கழித்துப் பார்க்காமல் மட்டும் பொத்தானைத் தொடாதீர்கள்.

பெட்டி சொன்னதைக் கூட்டினால் வங்கியில் வந்தது சரியாக இருக்கிறதா? பல நாள் இருக்காது, அதற்குக் காரணங்கள் உண்டு. சில கம்பெனிகளில் ஒவ்வொரு பணமும் உடனே வங்கிக்குப் போகிறது. சிலவற்றில் நாள் முழுக்கச் சேர்த்து மறுநாள் மொத்தமாக அனுப்புகிறார்கள். வாடகை, கடன் தவணை அதிலேயே கழிக்கப்படலாம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கட்டணம் பிடிக்கப்படலாம். 3,000 ரூபாய்க்குக் கண்டாங்கிச் சேலை விற்றவருக்குப் பெட்டி முழுத் தொகையைச் சொல்லும், கணக்கில் குறைந்து விழும். ராத்திரி கடை அடைக்கும்போது வணிகர் ஆப்பில் அன்றைய மொத்தத்தையும், மறுநாள் காலையில் வங்கிப் பாஸ்புக்கில் விழுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து நிமிஷ வேலை. கடல் தாண்டி பர்மாவின் ரங்கூனில் கொடுத்ததைக் கடிதத்தையும் உண்டியல் என்ற பணச் சீட்டையும் நம்பி இங்கே தீர்த்த ஊர் இது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் இருந்தன. பெட்டி வந்த பிறகு சிட்டை எழுதுவதை விட்டுவிட்ட கடைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கடைக்குத் தனிக் கணக்கு வைப்பது இன்னும் முக்கியம். எங்கோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தில் ஒருவன் நம் கடையில் பொருள் வாங்கியிருந்தால், சைபர் புகார் வந்ததும் அந்தப் பணம் போன கணக்குகளில் அந்தத் தொகையை, சில சமயம் முழுக் கணக்கையே, வங்கி முடக்கி வைக்கிறது. நம் தவறு ஒன்றும் இல்லாவிட்டாலும் அதை விடுவிக்க பில்லோடு அலைய வேண்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் நகைக்கடன் வட்டியும் அதே கணக்கில் இருந்தால் வீடே நின்றுவிடும். 500 ரூபாய்க்கு மேல் விற்றால் கைபில்லாவது எழுதி நகல் வையுங்கள். பணத்தை இழந்தது நாம் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் தள்ளினால் பணம் கை மாறிவிடும்.

வரி பயமும் இருக்கிறது. 2025-இல் யுபிஐ வரவை வைத்து கர்நாடகத்தில் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனதும், பெங்களூரில் பலர் க்யூஆரைக் கழற்றியதும் இங்கேயும் பேசப்பட்டது. பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் விற்பனை. அதற்குக் கீழே உள்ளவர் பெட்டியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் சீட்டுப் பணமும் கடை க்யூஆரில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவது பழைய மோசடி. பெட்டி இருந்தால் முதல் வாடிக்கையாளரிலேயே மாட்டிக்கொள்ளும், குரல் வராதே. இதற்காகவே பெட்டிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். காலையில் கடை திறந்ததும் ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெட்டி மாட்ட வரும் ஆளிடம் போனைத் திறந்து கையில் கொடுக்காதீர்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்களே அடியுங்கள். ஓடிபியில் எதற்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்துக் கடைப் பையனைப் படிக்கச் சொல்லிவிட்டு, பிறகு கொடுங்கள். கடனுக்கோ வேறு கார்டுக்கோ சம்மதம் கேட்கும் ஓடிபியும் அதே நிமிஷத்தில் வரலாம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எஸ்எம்எஸ் படிக்கத் தெரியாத, ஆனால் கை முறுக்கு சுற்றுவதில் கெட்டிக்காரரான ஒரு ஆச்சி, பேரன் வீட்டில் இல்லாத நேரத்திலும் தனியாக வியாபாரம் செய்ய முடிகிறது என்றால் அது இந்தத் தமிழ்க் குரலால்தான். வாடகை, சிக்னல் என்று எவ்வளவு குறை சொன்னாலும் இதற்கு ஈடாக வேறு எதுவும் இதுவரை வரவில்லை. பெட்டியை எடுக்கும்போதே தமிழ் மொழியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்; பின்னால் ஆப்பில் தேடி மாற்றுவது அவர்களுக்குச் சிரமம். கடைசி வரவைத் திரும்பச் சொல்லும் பொத்தான் உள்ள பெட்டியாகப் பாருங்கள், அது கூட்டத்தில் மிகவும் உதவும்.

எதை எடுப்பது? உங்கள் வங்கியே பெட்டி தருகிறது என்றால் முதலில் அங்கே கேளுங்கள். பணம் நேராகக் கணக்கில் விழும், தகராறு வந்தால் போய் நிற்க ஒரு கிளை இருக்கிறது. பெட்டி கெட்டால் மாற்றித் தருவதில் ஆப் கம்பெனி ஆட்கள் பொதுவாகச் சுறுசுறுப்பு. அவர்களில் யாருடைய ஆள் உங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறையாவது வருகிறார் என்று பக்கத்துக் கடையில் விசாரித்து அந்தப் பெட்டியை எடுங்கள்.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும்போது பெட்டியை ஆளிடம் ஒப்படைப்பதோடு வாடகை நிற்காது. ஆப்பில் சேவை ரத்து என்று பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், வாடகையைத் தானாகப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, வாங்கிக்கொண்ட ஆளிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த மாதம் பாஸ்புக்கில் வாடகை பிடிக்கவில்லை என்று பார்த்த பிறகு அந்தத் தாளைக் கிழிக்கலாம்.