ஒரே பாறை, இரண்டு முடிவுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் நியூயார்க்குக்கும் அடியில் பரவியிருப்பது ஒரே மார்செல்லஸ் களிப்பாறைதான். மணலும் ரசாயனமும் கலந்த நீரைப் பேரழுத்தத்தில் செலுத்தி அந்தப் பாறையைப் பிளந்து எரிவாயுவை எடுப்பது ஃபிராக்கிங். பென்சில்வேனியா இதை அனுமதித்தது. நியூயார்க் 2014 டிசம்பரில் தடையை அறிவித்து, 2020-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது.

பணத்தைப் பார்த்தால் பென்சில்வேனியாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. டெக்சாஸுக்கு அடுத்தபடியாக அதிக எரிவாயு எடுக்கும் மாநிலம் அது. நிலத்துக்காரர்களுக்குக் குத்தகைப் பணம் வந்தது. 2012 முதல் எரிவாயுக் கிணறுகளுக்கு விதிக்கப்படும் கட்டணத்தில் உள்ளாட்சிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் வேலைவாய்ப்பைப் பற்றி அடித்துப் பேசுபவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: துளையிடும்போதுதான் ஆட்கள் குவிவார்கள், வாயு ஓடத் தொடங்கிய கிணற்றுக்குச் சிலரே போதும்.

தண்ணீரின் கதை வேறு. ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும். திரும்பி வரும் கழிவுநீரில் கடலைவிடக் கூடுதலான உப்பும், பாறையிலிருந்து கரைந்த ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளும் இருக்கும். பென்சில்வேனியாவின் டிமாக் என்ற ஊரில் வீட்டுக் குடிநீர்க் கிணறுகளிலேயே, எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் கலந்தது. இத்தகைய கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் ஆழத்தில் விழும் விரிசல் அல்ல. குழாயைச் சுற்றிச் சரியாகப் பூசப்படாத சிமெண்ட். அதாவது, கண்காணிப்பு இருந்தால் பெருமளவு தவிர்க்கக்கூடியது.

நியூயார்க் தன் நீரைக் காத்துக்கொண்டது, சரி. எரிவாயுவை விட்டுவிட்டதா? இல்லை, பக்கத்து மாநிலத்தில் எடுத்ததைக் குழாய் வழியாக வாங்கி எரிக்கிறது.