எலும்புச் சாரக்கட்டு: பாலிகாப்ரோலாக்டோனா, கைட்டோசானா?

எலும்பில் விழுந்த இடைவெளியில் செல்கள் பற்றிப் படர்வதற்கான தற்காலிகச் சாரக்கட்டைச் செய்ய, எலும்பின் கால்சியம் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டின் துகள்களை எந்தப் பாலிமரில் கலப்பது என்று பார்க்கும்போது, செயற்கைப் பாலிமரான பாலிகாப்ரோலாக்டோனும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் அடிக்கடி எதிரெதிரே நிற்கின்றன. எது மேல் என்பதைப் பொருளைவிடச் சோதிக்கும் முறையே பல நேரங்களில் தீர்மானித்துவிடுகிறது.

வலிமையில் பாலிகாப்ரோலாக்டோன் முந்துகிறது. சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால், கரைப்பான் இல்லாமல் முப்பரிமாண அச்சில் இழையிழையாக அடுக்கி, 300 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளைகளை ஒன்றோடொன்று இணைந்திருக்குமாறு அமைக்கலாம். உறைநிலையில் உலர்த்திய கைட்டோசான் சாரக்கட்டோ, காய்ந்திருக்கும்போது விறைப்பாக நின்று, ஊறியதும் விரல் பட்டாலே அமுங்கிவிடும். ஆகவே காய்ந்த மாதிரியை அழுத்தி எடுத்த எண்ணை நான் கணக்கில் கொள்வதில்லை. 37 டிகிரியில் உப்புக் கரைசலில் ஊறவைத்து அளந்ததே ஒப்பிடத் தக்கது. எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியான புறணி எலும்பின் 100 மெகாபாஸ்கலைத் தாண்டும் வலிமையை இரண்டுமே நெருங்காது.

செல்கள் ஒட்டுவதில் கைட்டோசானே மேல். பாலிகாப்ரோலாக்டோன் நீரை ஒட்டவிடாது. கலந்த தாதுத் துகள்களும் பாலிமர்ப் படலத்துக்கு அடியில் புதைந்துவிடுவதால், மேற்பரப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடால் அரிக்க வேண்டியிருக்கிறது. கைட்டோசானை அசெட்டிக் அமிலத்தில் கரைப்பதால், எஞ்சும் அமிலத்தை நடுநிலையாக்கிக் கழுவாமல் விட்டால் செல்கள் மடியும். பழி பொருளின் மேல் விழும்.

சிதைவுச் சோதனை இன்னும் ஏமாற்றும். உடலில் கைட்டோசானைச் சிதைப்பது பெரும்பாலும் லைசோசைம் நொதி என்பதால், அது சேராத கரைசலில் அப்பொருள் உள்ளதைவிட உறுதியாகத் தோன்றும். பாலிகாப்ரோலாக்டோன் சிதைந்து மறைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். சில வாரச் சோதனையில் எடை ஏறக்குறைய குறைவதே இல்லை.

கனிமப் படிவைக் காட்டும் அலிசரின் சிவப்புச் சாயம், கால்சியம் செல்லிலிருந்து வந்ததா சாரக்கட்டிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்த மாதிரி செல் இல்லாமலே சிவக்கும். எனவே செல்லற்ற இணை மாதிரியை அதே ஊடகத்தில் அதே நாட்கள் வைத்து, அதன் அளவைக் கழிக்க வேண்டும்.

வடிவம் குலையாமல் நிற்க வேண்டிய மண்டையோட்டுத் துளைகளுக்கு என் தேர்வு பாலிகாப்ரோலாக்டோன். சுற்றியுள்ள எலும்பே சுமையைத் தாங்கும் பல் பிடுங்கிய குழிக்குக் கைட்டோசான் போதும்.