வாசலில் காசா, பார்க்கிங்கில் காசா, எண்ணெய்க் காசா? அமெரிக்கப் பூங்காக்களின் கணக்கு

அமெரிக்காவில் தேசியப் பூங்காவுக்குள் நுழைய எல்லா இடத்திலும் காசு கேட்பதில்லை. யெல்லோஸ்டோனில் காருக்கு 35 டாலர். கட்டினால் ஏழு நாள் போய்வரலாம். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ நுழைவுக் கட்டணமே கிடையாது. இத்தனைக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி வருகைகளைத் தாண்டும், நாட்டிலேயே கூட்டம் அதிகமான தேசியப் பூங்கா அதுதான். பூங்காவுக்குக் காசு திரட்டும் மூன்று வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: வாசல் கட்டணம், பார்க்கிங் கட்டணம், கடலெண்ணெய் வருமானம்.

வாசல் கட்டணத்தின் பெரிய பலம், காசு அங்கேயே தங்குவது. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த பூங்காவுக்கே. கழிப்பறையும் நடைபாதையும் அதில் சீராகும். ஆனால் பெயர்பெற்ற பூங்காவுக்கே மேலும் மேலும் காசு சேரும். போதாக்குறைக்கு 2026 முதல் கிராண்ட் கேன்யன், யோசமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில், வருடப் பாஸ் இல்லாத, அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு, 16 வயது ஆகியிருந்தால், தலைக்கு 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை அழைத்துப் போனால் அதற்கே 200 டாலர். மலையைப் பார்க்க வந்தவரிடம் பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்மோக்கி கதை வேறு. பூங்காவின் குறுக்கே ஓடும் நியூஃபவுண்ட் கேப் சாலையை மத்திய அரசிடம் ஒப்படைத்தபோதே, அதில் போக ஒருபோதும் சுங்கம் வாங்கக் கூடாது என்று டென்னசி மாநிலம் நிபந்தனை போட்டுவிட்டது. வாசலில் கை வைக்க முடியாது. சரி, வண்டி நிற்கும் இடத்தில் வாங்கலாம் என்று 2023 மார்ச்சில் பார்க்கிங் வில்லை (வண்டியில் வைக்கும் கட்டணச் சீட்டு) வந்தது: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால்தான் வில்லை வேண்டும். சும்மா கடந்து போகிறவருக்குச் செலவில்லை. வசூல் முழுவதும் பூங்காவுக்கே. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: மற்றப் பூங்காக்களில் செல்லும், அமெரிக்காவில் வசிப்போருக்கான 80 டாலர் வருடப் பாஸ் இந்த வில்லைக்கு ஈடாகாது. இருந்தாலும் மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். அங்கே நெரிசலே கார்களால்தான்; காசும் காரிடமே போய்ச் சேருகிறது.

ஆனால் கூட்டமே வராத இடத்தில் பார்க்கிங்கால் என்ன கிடைக்கும்? அங்கேதான் 1964-இல் சட்டமான நிலம், நீர் பாதுகாப்பு நிதி வேண்டியிருக்கிறது. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகையிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் இதற்குப் போகவேண்டும். பல ஆண்டுகள் நாடாளுமன்றம் அதில் பெரும்பங்கை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டது. 2020 சட்டத்துக்குப் பிறகுதான் முழுத்தொகை உறுதியானது. புது நிலம் வாங்க, சிற்றூரில் விளையாட்டுத் திடல் அமைக்க இது உதவும். அப்படி உருவான இடத்தை வேறு எதற்காவது எடுத்தால் ஈடாக இன்னொரு நிலம் தரவேண்டும். ஆனால் அன்றாடப் பராமரிப்புக்கு இதில் ஒரு டாலரும் எடுக்க முடியாது. மாநில, உள்ளூர்த் திட்டங்களுக்குப் பாதிச் செலவை அவர்களே போடவேண்டும் என்பதால், கஜானா காலியான ஊர் விண்ணப்பிக்கவே தயங்கும்.