ஞாபகசக்திக்குன்னு விக்கிற ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா) கேப்ஸ்யூல்: 2 ஸ்டார்

டப்பால ஒரு பக்கம் குடல், இன்னொரு பக்கம் மூளை, நடுவுல மின்னல் வேற. மாமியாருக்கு அல்சைமர்ஸ், அதான் வீட்டுக்காரர் ஆன்லைன்ல வாங்கினார். 60 கேப்ஸ்யூல் 1,490 ரூபா.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். அத்தைக்கு ரொம்ப நாளா மலச்சிக்கல், தண்ணி குடிக்க மறந்துடுவாங்க, வயிறு வலிச்சாலும் சொல்லத் தெரியாது, ஒழுங்கா வெளிய போகலைன்னா ராத்திரி பூரா தூங்காம வீட்டுக்குள்ள சுத்தி சுத்தி வருவாங்க, நமக்கும் தூக்கம் போச்சு. இத ஆரம்பிச்சப்புறம் அது பரவால்ல. ஆனா அதே சமயம் கீரை, கொய்யாப்பழம்லாம் கூட்டினோம், அதனால புண்ணியம் யாருக்குன்னு தெரியல. ஞாபகம் மட்டும் அப்படியேதான் இருக்கு, பேரன இன்னும் அவங்க தம்பி பேர சொல்லித்தான் கூப்பிடறாங்க.

கடுப்பானது 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கறதுலதான். எந்த ஆய்வுன்னு கேட்டா 2016ல ஈரான்ல பண்ணினத அனுப்பினாங்க. 60 அல்சைமர்ஸ் நோயாளிங்க, அதுல பாதி பேருக்கு தினம் 200 மில்லி ப்ரோபயாட்டிக் பால், 12 வாரம், டெஸ்ட்ல ஸ்கோர் ஏறிச்சு, அது நிஜம்தான். ஆனா அது பாலு, அதுல போட்ட நாலு பாக்டீரியாவுக்கும் பேர் இருக்கு, இவங்க டப்பால வெறும் லாக்டோபேசில்லஸ்னு போட்டு விட்டுட்டாங்க, எந்த ரகம்னே இல்ல. 2018ல அதே ஈரான்ல, பெரும்பாலும் நோய் முத்தினவங்களுக்கு கேப்ஸ்யூலாவே குடுத்து பாத்தப்போ ஒரு பலனும் தெரியல, அத மட்டும் அனுப்பல பாருங்க!

குடலுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ல வரல. 2024ல லண்டன்ல 60 வயசு தாண்டின 36 ஜோடி இரட்டையர்கள வெச்சு ஒரு ஆய்வு, நார்ச்சத்து பவுடர் சாப்பிட்டவங்க ஞாபக டெஸ்ட்ல கொஞ்சம் நல்லா பண்ணாங்க. ஆனா அவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர்ஸ் மாதிரி மறதி நோய், கிடையாது. அந்த இனுலின் நார்ச்சத்து நம்ம வெங்காயம் பூண்டுலயே இருக்கு, 1,490 வேணாம்.

இன்னொன்னு, வீட்ல யாருக்காவது மறதி ஆரம்பிச்சிருந்து அவங்க சைவமாவோ சுகருக்கு வருஷக்கணக்கா மெட்ஃபார்மின் எடுக்கறவங்களாவோ இருந்தா இந்த டப்பாவ வாங்கறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேட்டு பி12 டெஸ்ட் எடுத்துடுங்க. அது கொறஞ்சாலும் மறதி வரும், சீக்கிரம் கண்டுபிடிச்சா ஊசி மாத்திரையில சரியாகவும் வாய்ப்பிருக்கு.

டெலிவரி பத்தியும் சொல்லணும். குளிர்ச்சியான இடத்துல வைக்கவும்னு போட்டிருக்கு, வந்தது மத்தியான வெயில்ல, டப்பாவ தொட்டா சுடுது. உள்ள எத்தன பாக்டீரியா உயிரோட இருந்துச்சோ. ரிட்டர்னும் கிடையாது.