ஜாலியன்வாலா பாக்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

அமிர்தசரஸ் போகும் சுற்றுலாக் குழுக்களின் பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். காலையில் பொற்கோயில், அங்குள்ள லங்கர் என்ற இலவசப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு, அப்புறம் அரை மணி நேரம் ஜாலியன்வாலா பாக், அங்கிருந்து நேராக வாகா எல்லை, கொடியிறக்கும் அணிவகுப்புக்கு இடம் பிடிக்க வேண்டுமே. அந்த அரை மணியில் தண்ணீர் குடிக்க, ஆளைக் கூட்டிச் சேர்க்க, குழுவாக நின்று படம் எடுக்க என்று பாதி போய்விடும். 1919இல் கூட்டத்துக்குக் கூடியிருந்த மக்களைப் பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்று, இந்தியச் சுதந்திரப் போராட்டத்தின் போக்கையே மாற்றிய ஓர் இடத்தைப் பிள்ளைகள் பார்த்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொண்டு திரும்பி வருகிறோம். அக்கா பிள்ளைகள் இருவரை, பத்தாவது படிக்கிற பெண்ணையும் ஏழாவது படிக்கிற பையனையும் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் அங்கேயே இருந்துவிட்டு வந்தபிறகு இதை எழுதுகிறேன். ஒரே வரியில் கேட்டால், கட்டாயம் போங்கள், ஆனால் அந்த இடமே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பொற்கோயிலிலிருந்து சில நிமிட நடைதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே நன்றாகப் பராமரிக்கிறார்கள். பலகைகள் பஞ்சாபி, இந்தி, ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் இல்லை, ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளே போகும் அந்தச் சந்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. 1919 ஏப்ரல் 13, பஞ்சாபின் அறுவடைத் திருநாளான பைசாகி, மாலை. பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் டயர் கவச வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார், இயந்திரத் துப்பாக்கி பூட்டியவை. சந்து குறுகல் என்பதால் அவை உள்ளே நுழையவில்லை, வெளியே நிறுத்திவிட்டுச் சிப்பாய்களோடு நடந்துபோனார். வண்டி உள்ளே போயிருந்தால் அந்தத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பேன் என்று பிறகு அரசாங்கம் அமைத்த ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் அவரே சொன்னார். இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அந்தச் சந்தில் மெதுவாக நடக்க விடுங்கள், இரண்டு கையையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2021இல் புதுப்பித்தபோது இந்தச் சந்தின் சுவர்களில் திருவிழாவுக்கு வந்த மக்களைப் போல உருவங்களைச் செதுக்கி வைத்துவிட்டார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அப்போதே எதிர்த்தார்கள், எனக்கும் அந்த எதிர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. சிற்பிகளின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெறும் செங்கல் சுவரும் இருட்டும் நெருக்கமும் சொன்ன ஒன்றை அந்த உருவங்கள் மறைக்கின்றன. வருகிறவர்கள் சிலைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள், அவர்களைச் சொல்லியும் பயனில்லை, சிலை இருந்தால் எவரும் அப்படித்தான் செய்வார்கள்.

உள்ளே போனதும் விரிந்த புல்வெளி, பூச்செடிகள், நடுவே செந்நிறத் தூண். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் போல்க் வடிவமைத்தது, 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். இவ்வளவு பச்சையாக இருப்பதே பிள்ளைகளுக்குக் குழப்பம். பையன் சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்தி, இவ்ளோ பெரிய இடமா இருக்கே, அவங்க ஏன் ஓடிப் போகல?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைக்கு இது பூங்கா இல்லை, வீடுகளின் பின்சுவர்கள் சூழ்ந்த காலி மனை. வெளியேற இருந்த வழிகள் சில, எல்லாம் இடுக்கு. முக்கியமான வாசலில்தான் சிப்பாய்கள் நின்றார்கள், அதுவும் சற்று மேடான இடத்தில். கலைந்து போங்கள் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லை. சுமார் பத்து நிமிடம், 1,650 தோட்டா. ஓடிய கூட்டம் எந்த வழியில் நெருக்கியடித்ததோ அந்தப் பக்கமே குறிவைத்தார்கள். இதைச் சொல்லி அவனை மறுபடி சந்து வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன்.

சுவரில் தோட்டா பாய்ந்த தடங்களைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வளாகத்தில் எனக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தோன்றுவது இதற்குத்தான், விளக்கமே தேவைப்படாத ஒன்று. குண்டுக்குப் பயந்து ஜனங்கள் குதித்த கிணற்றை இப்போது கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். 120 உடல்களை அதிலிருந்து எடுத்ததாகப் பலகை சொல்கிறது. பாதுகாப்புக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனாலும் கண்ணாடியில் நம் முகமும் வானமும் தெரிகிறதே தவிர ஆழம் தெரிவதில்லை.

காட்சியரங்குகளில் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன, பொறுமையாக வாசிக்கிறவர்களுக்கு நல்ல தீனி. ஒலி-ஒளிக் காட்சி எனக்கு ஒட்டவில்லை. உரத்த குரலும் இசையும் சேர்ந்து அழுகையை வரவழைக்கப் பார்க்கின்றன. ரத்தன் தேவி என்ற பெண்ணின் சாட்சியம் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வந்தால் சுடுவோம் என்று உத்தரவு, காயம்பட்டவர்களை எடுக்க ஆளில்லை, அவர் கணவரின் உடலுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு, நாய்கள் நெருங்காமல் விரட்டியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இதை எந்தப் பின்னணி இசையும் இல்லாமல் அந்தப் புல்தரையில் உட்கார்ந்து பத்தாவது படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். ஏழாவது படிக்கிறவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது.

பெண்ணின் கேள்வி வேறு. "புக்ல 379 பேர்னு இருக்கு, அப்புறம் ஏன் சித்தி ஆயிரம்னும் சொல்றாங்க?" 379 என்பது அரசாங்கக் கணக்கு. காங்கிரஸ் குழு ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. சம்பவம் நடந்து மாதங்கள் கழித்துத்தான் அரசாங்கம் செத்தவர்களின் பெயரைக் கேட்டது. அதற்குள் ஊரில் இராணுவச் சட்டம், கைது, சவுக்கடி. நம் வீட்டு ஆள் அங்கே செத்தார் என்று எழுதிக் கொடுத்தால் நாமும் கூட்டத்துக்குப் போனவர்கள் என்று ஆகிவிடுமோ என்ற பயம் இருக்காதா? பைசாகிக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? ஓர் எண் எப்படி உருவாகிறது, யார் எண்ணுகிறார்கள், எப்போது எண்ணுகிறார்கள் என்பதையெல்லாம் அவள் தோண்டித் தோண்டிக் கேட்டாள். பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாக இருக்கிற எண்ணை இப்படிப் பிரித்துப் பேச முடிந்ததே, இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

வாசலில் தாமாகவே வந்து சேரும் வழிகாட்டிகளிடம் கவனமாக இருங்கள். எங்களோடு வந்தவர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்றார், உத்தம் சிங் லண்டன் போய் டயரைச் சுட்டார் என்றார். இரண்டும் தவறு. சுட்டது சாதாரண ரைஃபிளால். உத்தம் சிங் 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் சுட்டது மைக்கேல் ஓ'டுவயரை, படுகொலை நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர், டயர் செய்தது சரி என்று நின்றவர். ஜெனரல் டயர் 1927லேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். கைதான உத்தம் சிங் தன் பெயரை ராம் முகமது சிங் ஆசாத் என்று சொன்னார். ஏன் அப்படி ஒரு பெயர் என்பதற்குப் பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லலாம்: படுகொலைக்கு நான்கு நாள் முன்னால், ஏப்ரல் 9 அன்று, அமிர்தசரஸில் ராமநவமி ஊர்வலத்தில் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது வடக்கே எங்கேயோ நடந்த கதை இல்லை என்று காட்டவும் வழி இருக்கிறது, அதைத்தான் எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற எண்ணம் காந்திக்குத் தோன்றியது சென்னையில், 1919 மார்ச்சில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோது. விடியற்காலை அரைத்தூக்கத்தில் கனவுபோலத் தோன்றியதாக ராஜாஜியிடம் சொன்னார். அந்த எதிர்ப்பு பஞ்சாபில் பற்றிக்கொண்டது. அமிர்தசரஸின் தலைவர்களான கிச்லுவையும் சத்யபாலையும் ஏப்ரல் 10 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களை விடச் சொல்லித்தான் பைசாகியன்று கூட்டம் கூடியது. அப்புறம் சங்கரன் நாயர். பாலக்காட்டுக்காரர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அப்போது இருந்த இந்தியர். பஞ்சாபில் நடந்ததைக் கண்டித்துப் பதவியைத் தூக்கிப் போட்டார். தன்னைக் குற்றம்சாட்டி நாயர் எழுதியதற்காகப் பிறகு ஓ'டுவயர் அவர்மேல் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டு 1924இல் ஜெயித்தார், 500 பவுண்டு இழப்பீடு. மன்னிப்புக் கேட்டால் பணம் வேண்டாம் என்றார் ஓ'டுவயர். நாயர் மன்னிப்புக் கேட்கவில்லை, பணத்தைக் கட்டினார். இந்தக் கதையைச் சொன்னபோது பையன் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன், துப்பாக்கி இல்லாமலும் எதிர்க்க முடியும் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை மறைக்காதீர்கள். ஏப்ரல் 10 அன்று தலைவர்களை விடுவிக்கக் கேட்டுப் போன கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆத்திரத்தில் கூட்டம் ஐந்து ஐரோப்பியர்களைக் கொன்றது, மார்செல்லா ஷெர்வுட் என்ற பெண்ணை ஒரு சந்தில் அடித்துப் போட்டார்கள், அவரைக் காப்பாற்றியதும் அந்த ஊர்க்காரர்கள்தான். பழிவாங்க அந்தச் சந்து வழியாகப் போகிற இந்தியர்கள் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும் என்று டயர் உத்தரவு போட்டார், குச்சா குர்ரிச்சான் என்று பெயர், பழைய நகருக்குள் இன்னும் இருக்கிறது. சுட்ட சிப்பாய்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை என்பதையும் சொல்லுங்கள், கூர்க்காக்களும் இந்தியப் படையினரும்தான். இது பிள்ளைகளுக்குக் கஷ்டமான பகுதி, அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், நமக்கும் முழுப் பதில் இருக்காது. இந்த இடத்தில் வளாகம் உங்களுக்குப் பெரிதாக உதவாது, அங்கே தியாகத்தின் கதை மட்டும்தான் ஓங்கி ஒலிக்கிறது.

அந்த மனையை 1920இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஐந்து லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள், அதனால்தான் இன்று நிற்கிறது. பிள்ளைகள் எதையாவது செய்ய முடியுமா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பத்து வயதுக்குக் கீழே என்றால் அழைத்துப் போகலாம், அந்தக் குறுகிய நுழைவழியையும் சுவரையும் காட்டினால் போதும். பதின்மூன்றுக்கு மேல் என்றால் போவதற்கு முன்பே ஒரு மாலை உட்கார்ந்து பேசிவிடுங்கள், ஊரும் தேதியும் யார் யார் என்பதும் தெரிந்திருந்தால் அங்கே நீங்கள் வகுப்பெடுக்க வேண்டியிருக்காது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காலையில் கதவு திறந்ததும் போவது உத்தமம், கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. மே, ஜூன் விடுமுறையில் அமிர்தசரஸ் வெயில் பிள்ளைகளை வாட்டிவிடும், குளிர்காலம் நல்லது. அதே தெருவில் நடந்துபோனால் டவுன்ஹாலில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களின் பொருள்களும் குரல்களும் இருப்பதால் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் அது ஒரு படி மேல். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். சுற்றுலாக்காரர் நேரம் தர மாட்டேன் என்றால் வாகாவை விட்டுவிடுங்கள்.